நாற்பத்திரண்டாவது கல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதி முடித்தால்தான் எனக்கு மேற்கொண்டு பேனா ஓடும், ஆகவே அதை முதலில் எழுதிவிட்டேன். சுகம் என்றால் என் முட்டிவலியையும் அப்பாவின் இருமலையும் கழித்துவிட்டு மிச்சமிருப்பதைச் சொல்கிறேன். போனில் சொல்லக்கூடாதா, எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ 'சரிம்மா' போட ஆரம்பித்துவிடுவாய். முதல் சரிம்மாவில் கேட்டுக்கொண்டிருப்பாய், இரண்டாவதில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய், மூன்றாவதில் நீ அங்கேயே இருக்க மாட்டாய். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நின்றவளுக்குக் கவனிக்காத பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூட வேண்டாம், குரலே போதும். இது சரிம்மா போடுகிற விஷயம் இல்லை. நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது நான் உனக்கு ஓர் அநியாயம் செய்திருக்கிறேன். அது அநியாயம் என்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. முப்பத்தோரு வருஷம் தாமதமாக மன்னிப்புக் கேட்கிறேன், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும், ஆகவே பக்கத்தைத் தள்ளிக்கொண்டு கடைசிக்கு ஓடாதே.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றால், நான் இருக்கும்போது பிளம்பர் எதற்கு என்கிறார் அப்பா. அவர் இருப்பதால்தான் பிளம்பர் தேவைப்படுகிறது என்பதை எப்படிச் சொல்வது? முதலில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது, அவர் சரிசெய்த பிறகு நூல் பிடித்த மாதிரி ஒழுகுகிறது, இன்னொரு தரம் சரிசெய்தால் குளிக்கலாம். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். சொல்லிக்கொடுத்தவர் நாலாம் நாள் வேலையை விட்டுவிட்டாராம். அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அவளாகவே இரண்டு தரம் சொன்னாள், நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அப்பா டாக்டர் சொன்னபடி தினமும் நடக்கிறார். டீக்கடை வரை நடந்து, அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, திரும்பி நடந்து வருகிறார். மொத்தத்தையும் நடை என்றே கணக்கு வைத்துக்கொள்கிறார். அவரைப் பற்றி உனக்குத் தெரியும், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், கேட்டால்தான் நேரம் சொல்வார். கேட்காவிட்டால் கண் முன்னால் பஸ் போனாலும் வாயைத் திறக்க மாட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எதிர் வீட்டு மாமாவுக்கு நீங்களெல்லாம் மைக் மாமா என்று பெயர் வைத்தீர்களே, அவர் இப்போது போர்க் கல்லறைத் தோட்டத்துப் பராமரிப்புக் குழுவுக்குச் செயலாளர். மைக் கிடைத்தால் விடமாட்டார் என்பதில் இன்னும் ஒரு மாற்றமும் இல்லை. போன வருஷம் வாசகசாலை ஆண்டு விழாவில் நடுவில் கரண்ட் போய்விட்டது, அது தெரியாமல் அரை மணி நேரம் பேசினார். முன் வரிசைக்கு மட்டும் கேட்டது, பின் வரிசைக்காரர்கள் அதுவே நல்ல விழா என்றார்கள். அவர் ஒரு நாள் காலையில் வாசலில் நின்று, டீச்சரம்மா, நீங்க சாதாரணமான ஆள் இல்ல என்று ஆரம்பித்தார். ஏதோ வேலை வைக்கப்போகிறார் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தபோது ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய போட்டோ கிடைத்ததாம். கல்லறைத் தோட்டத்தில் மூன்று வரிசையாகக் கற்கள், ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு பிள்ளை, எல்லாப் பிள்ளையும் தலையைக் குனிந்து வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு குழந்தை அஞ்சலி செலுத்துகிற இந்த மாதிரிக் காட்சி உலகத்தில் எங்கேயும் இருக்காது என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அதைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கித் தோட்டத்து வாசலில் மாட்டப்போகிறார்கள், இப்போதைய நான்காம் வகுப்புப் பிள்ளைகளை அதே மாதிரி நிறுத்தப்போகிறார்கள், இனி வருஷா வருஷம் இது நடக்கும், முதல் வருஷம் நான் வந்து பேச வேண்டும். என்ன பேசுவது என்று கேட்டேன். இந்த உயர்ந்த எண்ணம் உங்களுக்கு எப்படித் தோன்றியது என்பதைப் பேச வேண்டுமாம்.

எப்படித் தோன்றியது என்று உனக்கும் தெரியாது, ஏனென்றால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு டீச்சரின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது. அந்த வருஷம் நீ என் வகுப்பில் இருந்தாய். வீட்டில் அம்மா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். என் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று உனக்கு எதிலும் ஒரு மதிப்பெண் குறைத்தே போடுவேன். மன்னிப்புக் கேட்கிற கடிதம் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அரைப் பரீட்சைக் கணக்கில் உனக்கு நியாயமாக நூற்றுக்கு நூறு. கல்லறைத் தோட்டத்துக்கு வகுப்பையே கூட்டிக்கொண்டு போன அன்று உன் மாமாவின் கேமராவைக் கடன் வாங்கியிருந்தேன், அதில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது. என் கைப்பை, தண்ணீர்க் கூஜா, வருகைப் பதிவேடு எல்லாம் என் கையில் இருந்ததால் கேமராவை உன் கழுத்தில் மாட்டிவிட்டேன். இது வரைக்கும் எனக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது. இதற்கு மேலே உன்னிடம் ஒன்று சொல்லியிருந்தேன், அது மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

கிளம்புகிற நேரத்தில் பிள்ளைகளை எண்ணினேன். நம் வகுப்பு நாற்பத்திரண்டு பேர், எண்ணிக்கையில் நாற்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினேன், அதற்குள் ஒருவன் செருப்பு வாரை மாட்டக் குனிந்தான், ஒருத்தி தோழியிடம் இடம் மாறினாள், முப்பத்தொன்பது வந்தது. மூன்றாம் தரம் எண்ணினேன், நாற்பத்துநான்கு வந்தது. கொதிக்கிற தண்ணீரில் குமிழியை எண்ணுவதும் புறப்படுகிற நேரத்தில் பிள்ளைகளை எண்ணுவதும் ஒன்றுதான். வெளியே பெரிய சாலை, லாரி போகிற சாலை. அப்போதுதான் கற்களைப் பார்த்தேன். வாசல் பக்கத்து வரிசைகளில் வரிசைக்குப் பதினான்கு கல், மூன்று வரிசைக்கு நாற்பத்திரண்டு. கணக்கு டீச்சருக்கு அதைவிட நல்ல கரும்பலகை கிடைக்குமா? கல்லுக்கு ஒருவராகப் போய் நில்லுங்கள், எத்தனை கல் காலியோ அத்தனை பேர் குறைச்சல் என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவரவர் கல்லில் இருக்கிற பெயரையும் வயதையும் படித்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள், யார் எங்கே கலைந்தாலும் நான் கூப்பிட்டால் அதே கல்லுக்குத் திரும்பி வரவேண்டும், அது வரை யாராவது வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றேன். பிள்ளைகள் நடுங்கிப்போய்த் தலையைக் குனிந்து பெயரைப் படித்தார்கள். மைக் மாமா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்த அஞ்சலி இதுதான்.

மூன்றாவது வரிசையின் கடைசிக் கல் மட்டும் காலியாக இருந்தது. யார் குறைகிறார்கள் என்று யோசிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. வாசலுக்கு ஓடினேன், சாலையில் இரண்டு பக்கமும் பார்த்தேன், கழிப்பறைக் கதவுகளைத் தட்டினேன், தோட்டக்காரரின் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்து பார்த்தால், அந்தக் கடைசிக் கல்லில் நீ நிற்கிறாய். உனக்கும் மூச்சு வாங்குகிறது, குல்லா கோணலாக இருக்கிறது, கழுத்தில் கேமரா தொங்குகிறது. ஊர் சுற்றப் போன ஆள் என் பிள்ளைதான் என்று தெரிந்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. காதைப் பிடித்து எங்கடா போன என்று கேட்டேன். நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"எங்கேயும் போகல டீச்சர், இங்கதான் இருந்தேன்."

"பொய் வேற சொல்றியா?" என்று கேட்டேன், நாற்பத்தொரு பேர் முன்னால். பிறகு பஸ்ஸில் எல்லாரையும் பார்த்த மாதிரி உன்னை டிரைவர் பக்கத்து இஞ்சின் மூடிமேல் உட்காரவைத்தேன். வீட்டுக்கு வந்து, நான் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகமாட்டேன் என்று ஐம்பது தரம் எழுதச் சொன்னேன். நீ எழுதிக் கொடுத்ததை எண்ணிப் பார்த்து, நாற்பத்தொன்பதுதான் இருக்கிறது என்று இன்னொன்றும் எழுதவைத்தேன். அதை மட்டும் எண்ணத் தெரிந்தது எனக்கு. உன் மாமா பிலிமைக் கழுவிப் படம் வந்தபோது, நீ கொட்டகைப் பக்கம் போய்க் கேமராவைத் தோட்டக்காரரிடம் கொடுத்திருக்கிறாய், அவர்தான் இதை எடுத்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு அதற்கும் ஒரு தரம் திட்டினேன். நீ தலையை ஆட்டினாய். ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். என்ன சொன்னாலும் இவள் கேட்கப்போவதில்லை என்று பிள்ளை கைகழுவிவிட்டால், அதற்கும் தலையை இப்படித்தான் ஆட்டுவான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மைக் மாமா வந்து கேட்டபோது, இது அஞ்சலி இல்லை, தலை எண்ணினது என்று அன்றைக்கே சொல்லத்தான் பார்த்தேன். அவரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிப்பது ஓடுகிற பஸ்ஸில் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி. நான் எண்ணினது என்றேன், ஆமா ஆமா, உயர்ந்த எண்ணம் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். இரண்டு நாளில் அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. 'தலைவணங்கிய தளிர்கள்' என்று தலைப்பு, கீழே என் பெயர், அதற்குக் கீழே படம் எடுத்த கலைஞர் என்று, நான் அந்தக் காலத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்தபடியே, தோட்டக்காரரின் பெயர். அவருக்கு இப்போது எண்பத்து நாலு வயது. நான் எடுக்கவே இல்லையே என்று முதல் தரம் சொன்னாராம், எடுத்த மாதிரி ஞாபகம் இல்லையே என்று இரண்டாம் தரம் சொன்னாராம், மைக் மாமா நாலாம் தரம் போனபோது, இத்தனை பேர் சொல்றீங்க, எடுத்திருப்பேன் போல என்று ஒப்புக்கொண்டாராம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட நாலு தரம் கேட்டால் சரியான விடையை அழித்துவிட்டுத் தப்பை எழுதும், அதற்கு இது நல்ல உதாரணம்.

பெரிதாக்கின படத்தைப் பார்க்க என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் எனக்கும் சேர்த்து விளக்கம் சொன்னார். அந்தக் காலிக் கல்லைக் கவனியுங்கள், வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், திரும்பி வராதவனின் இடம் அது என்றார். அந்தப் பெண் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். பிறகு, இந்தப் படத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது என்று குரலைத் தாழ்த்தினார். பள்ளிக்கூடத்துச் சட்டத்தில் ஓரத்து அட்டை படத்தின் அடிப்பாகத்தை இரண்டு விரல் அளவுக்கு மறைத்திருந்ததாம், சட்டத்தைப் பிரித்ததும் அது வெளியே வந்துவிட்டது. புல்லின் மேல் ஒரு நிழல். யாரோ படத்துக்கு வெளியே நிற்கிற நிழல், முழங்கை இரண்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது, தலை பெரிதாக இருக்கிறது, தலைக்கு இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி என்னமோ இருக்கிறது. அது ஹெல்மெட் போட்ட சிப்பாயின் நிழல் என்றார் மைக் மாமா. கொம்பு எதற்கு என்று அந்தப் பெண் கேட்டாள். எதிரிக்குத் தெரியாமல் இருக்க இலைதழை சொருகியிருப்பார்கள் என்று கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார். அவள் பயந்துபோய்த் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

கண்ணா, அந்தக் கொம்பு எனக்குத் தெரியும். உன் அத்தை பின்னிக் கொடுத்த குல்லா அது. இரண்டு காதுக்கு மேலேயும் இரண்டு நூல் பந்து வைத்து, ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும், நூல் பற்றவில்லை என்று அவள் சொன்னாளே, அதே குல்லா. நீ அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று தினமும் அழுவாய், அத்தை மனசு புண்படும் என்று நான் தினமும் போட்டுவிடுவேன். நிழலிலும் இடது பந்து சின்னதுதான். கேமராவைக் கண்ணில் வைத்துப் பிடித்தால்தான் முழங்கை அப்படி நீட்டிக்கொள்ளும். அந்த நொடியில்தான், நான் மறந்துபோயிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. காலையில் பஸ் ஏறும்போது உன்னிடம் சொன்னேன், என் பக்கத்திலேயே நில்லு, கேமராவை யார்கிட்டயும் கொடுக்காதே, எல்லாரும் ஒழுங்கா சத்தம் போடாம நிக்கிற நேரம் பார்த்து நீயே ஒரு படம் எடு என்று. அதையேதான் நீ செய்திருக்கிறாய். நான் எண்ணும்போதெல்லாம் நீ வரிசையில் இல்லை, என் பக்கத்தில் நின்றாய், பக்கத்தில் நின்றவனை நான் எண்ணவில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக நின்றது அந்த நாளிலேயே அந்த ஐந்து நிமிஷம்தான். நான் உன்னைத் தேடிச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது நீ படத்தை எடுத்துவிட்டு, கல்லுக்கு ஒருவர் என்று டீச்சர் சொன்னதால் மிச்சமிருந்த கல்லுக்கு ஓடிப்போய் நின்றிருக்கிறாய். நாற்பத்திரண்டு பேரில் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தது நீ ஒருத்தன். காதைத் திருகினதும் உன் ஒருத்தன் காதைத்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் குழாயடியில் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையை வெளியே எடுக்காமலே, ஆமா, அவன்தான் எடுத்தான், அன்னைக்கே எங்கிட்ட சொன்னானே என்றார். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருஷமா ஏங்க சொல்லல என்று கேட்டேன். நீ கேக்கலையே என்றார். பிள்ளை ஐம்பது வரி எழுதிக்கொண்டிருந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பென்சில் சீவிக் கொடுத்தேன் என்றார். உன் அப்பாவோடு நாற்பத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தினதற்கு எனக்கு ஒரு விழா எடுக்க வேண்டும், அதற்கு மைக் மாமாவே பேசினாலும் பரவாயில்லை.

மறுநாள் மைக் மாமாவிடம் போய் உட்காரவைத்து, அவர் வாயில் பிஸ்கட் இருந்த நேரமாகப் பார்த்து முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். மனுஷர் முகம் ஊசி குத்தின பந்து மாதிரி ஆகிவிட்டது. அழைப்பிதழ் போய்விட்டது, பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், பந்தல் போட்டாகிவிட்டது, நிழல் சிப்பாய் என்று பத்திரிகைக்கும் சொல்லியாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் புலம்பினார். கடைசியில், டீச்சரம்மா, இப்ப உண்மைய யார் கேட்டாங்க என்றார். கேட்கிறதற்கு அது நியாயமாகத்தான் இருந்தது. தப்பு செய்துவிட்டு மறைக்கிற பிள்ளையை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன், ஆனால் நல்ல பெயர் தானாக வந்து மடியில் விழும்போது அதைத் தட்டிவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. அந்தப் படத்தைப் பார்த்து எத்தனையோ பேர் நெகிழ்ந்துபோகிறார்கள், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். உனக்கு நஷ்டம். உன்னை நான் பொய்யன் என்று சொன்னது அப்படியே நின்றுவிடும். அதுவும் அந்தப் பெரிய படத்துக்கு அடியிலேயே. அப்பாவிடம் யோசனை கேட்டேன், கேட்டா சொல்லு, கேக்கலன்னா விட்டுடு என்றார். வேறு என்ன சொல்வார்.

விழா அன்று தோட்டத்தில் நல்ல வெயில். வெள்ளைக் கற்கள் கண்ணைக் கூசவைத்தன. நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் தோட்டக்காரர் தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி உட்கார்ந்திருந்தார். மைக் மாமா ஐம்பது நிமிஷம் பேசினார். நிழல் சிப்பாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன், பேச்சு வேகத்தில் பழக்கதோஷத்தில் அதையும் சொன்னார், சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். முடிக்கும்போது, இந்த உயர்ந்த எண்ணம் எப்படித் தோன்றியது என்று டீச்சரம்மாவையே கேட்போம் என்று மைக்கை என் பக்கம் திருப்பினார். கேட்டுவிட்டார் பார். கீழே முதல் வரிசையில் அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஒரு தரம் ஆட்டினார், டிப்போவில் பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று சைகை காட்டுகிற மாதிரி.

சொன்னேன். நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது, நாற்பத்துநான்கு என்று எண்ணினதைச் சொன்னேன். தோலை உரிப்பேன் என்று சொன்னதைச் சொன்னேன். அந்தக் குல்லாவைச் சொன்னபோது முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள், அதிகாரிகள் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக் மாமா மெதுவாகக் கையை நீட்டி மைக்கைப் பிடித்தார், நானும் விடவில்லை, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். இந்தப் படத்தை எடுத்தவன் என் மகன், அவன் எங்கேயும் போகவில்லை, அங்கேதான் இருந்தான், அவன் சொன்னது உண்மை, நான்தான் அவனைப் பொய்யன் என்று சொன்னேன் என்று அப்படியே பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன். தோட்டக்காரர், அப்பாடா, எந்தப் பொத்தானை அமுக்கணும்னு கேட்டா என்ன சொல்றதுன்னு ஒரு வாரமா சாப்பாடே இறங்கல என்று சொன்னது மைக்கில் விழுந்து எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். உன் வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்பாளே, கேள்விக்குறி என்று கூப்பிடுவீர்களே, அவள்தான், இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

"எண்ணுறதுக்கா நிக்கவச்சீங்க டீச்சர்? என் கல்லுக்கு வயசு பத்தொன்பது. என் பையனுக்கு இந்த வருஷம் பத்தொன்பது. நான் அந்தப் பேரை மறக்கவே இல்ல."

பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உடனே லாரி ஓட்டுகிறவன் ஒருவன் எழுந்து தன் கல்லின் பெயரைச் சொன்னான், படைக்குச் சமையல்காரராக இருந்தவராம், கல்லில் போட்டிருக்கிறதாம். இப்படி ஒவ்வொருவராக ஒன்பது பேர். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒத்திகை இல்லை. கலைந்தாலும் அதே கல்லுக்குத் திரும்பி வாருங்கள் என்று நான் ஒரு பதற்றத்தில் சொன்னதை இந்தப் பிள்ளைகள் நாற்பது வயதிலும் கேட்டு நடக்கிறார்கள். நான் பாடம் என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்த எதுவும் இவ்வளவு நாள் நின்றிருக்காது. மைக் மாமா மைக்கை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர் தானாக மைக்கை விட்டது இந்தத் தெருவின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தரம்.

பிறகு இந்த வருஷத்துப் பிள்ளைகளைக் கல்லுக்கு ஒருவராக நிறுத்தினார்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர். புது டீச்சர் சின்னப் பெண், எண்ணிப் பார்த்து முகம் வெளுத்து என்னிடம் ஓடிவந்தாள், டீச்சர், ஒண்ணு ஜாஸ்தியா வருது என்று. முதலில் உன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார் என்று அனுபவசாலி மாதிரி சொன்னேன். அது இல்லை. மூன்றாவது வரிசையின் கடைசிக் கல்லில், பிள்ளைகளோடு பிள்ளையாக, கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து உன் அப்பா நிற்கிறார். இங்க ஏங்க நிக்கிறீங்க என்று கேட்டேன். காலியா இருந்துச்சு, அவன் இடம்தானே என்றார். கேட்டேன், சொன்னார்.

வாசலில் மாட்டின பலகையில் இப்போது தோட்டக்காரரின் பெயர் இல்லை. படம் எடுத்தவன் நாற்பத்திரண்டாவது மாணவன் என்று எழுதச் சொன்னேன், உன் பெயரைப் போட்டால் டீச்சர் தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்பார்கள். பலகை எழுதுகிறவர் நிழலை வெட்டிவிடலாமா என்று கேட்டார், வெட்டினால் தோலை உரித்துவிடுவேன் என்றேன். அந்தப் படத்தின் பிரதி ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், கொம்பை அத்தையிடம் காட்டாதே. கூடவே நாலு தாள் இருக்கும். என் பக்கத்தில் நிற்கிறவனை எண்ணாமல் விடமாட்டேன் என்று ஐம்பது தரம் எழுத உட்கார்ந்தேன். முப்பத்தாறோடு விரல் மடங்க மறுத்துவிட்டது. நீ எண்ணிப் பார்ப்பாய் என்று தெரியும், மீதி பதினாலை நீ வந்ததும் உன் முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், பென்சில் சீவித் தர அப்பா இருக்கிறார்.

இன்னும் ஒன்று. உன் கல்லில் இருக்கிற பெயரை நான் படிக்கவில்லை. அன்றைக்கு நாற்பத்தொரு பேர் படித்தார்கள், நீ குனிவதற்குள் நான் உன் காதைப் பிடித்து இழுத்துவிட்டேன். அப்பா படித்திருக்கிறார், கேட்டால் சொல்லிவிடுவார், ஆகவே நான் கேட்கவில்லை. நீயும் போனில் அவரிடம் கேட்டுவிடாதே. அது நீ வந்து நின்று படிக்க வேண்டியது. நாலு வருஷமாக அடுத்த விடுமுறை, அடுத்த விடுமுறை என்கிறாய், இந்த விடுமுறைக்கு வா. குட்டியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. அது வரை மூன்று பேரும் நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் நீடூழி இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், எந்தக் குல்லாவாக இருந்தாலும் பரவாயில்லை. குட்டியைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் கிளம்பும்போது எண்ணு, ஒருத்திதானே என்று விட்டுவிடாதே, எண்ணு.

இப்படிக்கு,
வீட்டில் அம்மா, அந்த ஒரு வருஷம் மட்டும் டீச்சர்.